திறப்பைக் கேட்டு வாங்கியவர்கள்

ஹொலிவூட் நடிகை ஜெனிபர் லோரன்ஸின் அந்தரங்கப் படங்கள் 2014 ஓகஸ்ட் கடைசியில் இணையத்தில் சிதறியபோது, ஐந்துசந்தித் தேநீர்க்கடையில் எழுந்த முதற்கேள்வி, "இவள் ஏன் அப்படிப் படம் எடுத்தாள்?" என்பதுதான். களவெடுத்தவனை விட்டுவிட்டு, வீட்டுக்காரி அலுமாரிக்குள் என்ன வைத்திருந்தாள் என்று விசாரிக்கிற நியாயம்.

பூட்டை யாரும் உடைக்கவுமில்லை. அந்த விசாரணையில் அகப்பட்டவர்களுள் ஒருவனான ரயன் கொலின்ஸ், அப்பிளும் கூகிளும் அனுப்புவதுபோல மின்னஞ்சல் எழுதி, கடவுச்சொற்களை உரியவர்களிடமே கேட்டு வாங்கியிருந்தான். குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகள், 72 ஜிமெயில் கணக்குகள். 2016 ஒக்டோபரில் 18 மாதச் சிறை கிடைத்தது.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் எங்கோ தூரத்துக் கணினியிலும் பிரதியாகிறது. தொலைபேசி தொலைந்தாலும் படம் தொலையாது. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட எங்களுக்கு இது லேசான விசயமல்ல. என் உம்மாவின் கல்யாணப் படம் இன்று எங்கள் எவரிடமும் இல்லை. படங்களை அங்கே வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது.

தென்கொரியாவில் இந்தக் களவு கப்பமாகவே நடந்தது. 2019 டிசம்பரில் நடிகர் ஹா ஜுங்-வூவிடம் 150 கோடி வொன் கேட்டார்கள். அவர் பொலிஸில் முறையிட்டுவிட்டு, பேரம் பேசுவதுபோல நாட்களை இழுத்தார். குறிவைக்கப்பட்ட எட்டுப் பிரபலங்களில் ஐவர் மொத்தம் 61 கோடி வொன் கட்டினர். ஜு ஜின்-மோ மிரட்டலுக்கு இணங்கவில்லை. 2020 ஜனவரியில் அவருடைய செய்திகள் வெளியாகின. அவற்றில் வேறு பெண்களின் படங்களும் இருந்தன. அந்தப் பெண்களிடம் யாரும் பேரம்கூடப் பேசவில்லை.

அப்படிப் பெயரில்லாத ஒருத்தி சென்ற வருடம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. "மாமி, வாப்பாட்ட சொல்லிப்போடாதீங்க" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கணக்குக்குள்ளிருந்து எவனோ எடுத்தது, சிநேகிதி வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தில் முக்காடில்லாமல் நின்ற படம். அவ்வளவுதான். கேட்டது இருபத்தையாயிரம் ரூபா. கொழும்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத படம், எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பேச்சைக் குழப்பப் போதும். அந்த இருபத்தையாயிரமும் எங்கள் வாய்களை நம்பி அவன் போட்ட விலை.

மனைவி காசு கட்ட விடவில்லை. செய்திகளை அழிக்கவும் விடவில்லை. கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம்படிச் சரிபார்ப்பைப் போட்டு, பிள்ளையின் உம்மாவையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றி உள்ளே நுழைவதையே குற்றமாக்குகிறது. உள்ளே இருந்தது என்ன படம் என்று அது கேட்பதில்லை. தேநீர்க்கடையைவிடச் சட்டம் மரியாதை தெரிந்தது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

முறைப்பாடு கொடுக்கும்முன்பே படம் இரண்டு பேருக்குப் போயிருந்தது. ஒருத்தி அதை அழித்துவிட்டு உடனே பிள்ளைக்கு அறிவித்தாள். மற்றவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். தெருவில் கண்டால் ஸலாம் சொல்லுகிறார், வேறொன்றும் பேசுவதில்லை. வாப்பாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.