செந்தூர்க் கரையில் ஓர் இரவு

வைகாசி விசாகம் நெருங்கினால் திருச்செந்தூர்க் கடற்கரையே ஓர் ஊராகிவிடுகிறது. ஒரே தெருவின் நண்பர்கள் வேன் அமர்த்தி, அடுப்பும் அரிசியும் ஏற்றி வந்து சேர்கின்றனர். வெயில் தாழ்ந்ததும் மணலில் ஜமுக்காளங்கள் விரிகின்றன. மூன்று நாளைக்கென்று கட்டிவந்த புளியோதரை முதல் இரவிலேயே தீர்ந்துபோவதும் வழக்கந்தான்.

விடியலில் கடல் நீராடல், அடுத்து நாழிக்கிணறு. சூரனை வென்றபின் படைவீரரின் தாகம் தணிக்க முருகப்பெருமான் வேலூன்றி எழுப்பிய ஊற்று என்பது தலவரலாறு. உவர்க்கடலுக்கு இத்தனை அருகில், கிணற்றுக்குள் ஒரு சிறு கிணற்றில், நன்னீர்!

ஆனால் படியிறங்க வேண்டுமே? 30 ஆண்டுகளாக உடன் வந்த பெரியவர் இம்முறை முழங்கால் வலியால் மேலேயே நின்றுவிடுகிறார். நண்பர் இறங்கி, செம்பில் நீர் ஏந்திவந்து அவர் தலையில் வார்க்கிறார். “முருகா!” என்னும் குரல் இருவரிடமிருந்தும் எழுகிறது. உடை மாற்றி, தோள்பற்றி, கடல் நோக்கி வீற்றிருக்கும் செந்திலாண்டவன் சந்நிதிக்கு மெல்ல நடக்கின்றனர்.