காரணம் தெரிந்த பின்னும்

மர்மக் கதைகளை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் பலர். சுஜாதா எழுதி, 1980களின் தொடக்கத்தில் ‘குமுதம்’ இதழில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ நாவலை அவ்வாறு ஒதுக்க என்னால் இயலவில்லை.

பெருஞ்சொத்துக்கு உரியவளாகப் போகும் இளம்பெண் லீனா. அவளைச் சுற்றிக் கொலைகள். பேயென்று அஞ்சத்தக்க தோற்றங்கள். இடையே காதலின் சாயலும் உண்டு. வழக்கறிஞர் கணேஷ் விஞ்ஞானத்தை நாடி, ஒளியினால் முப்பரிமாண உருவமைக்கும் ஹாலோகிராம் முறையைக் காரணமாகக் காட்டுகிறார். அம்முறையைக் கண்டறிந்த டெனிஸ் காபர் 1971இல் நோபல் பரிசு பெற்றவர். உதவியாளர் வசந்தின் ஐயமோ தீரவில்லை. தீர்ப்பு வாசகர் கையில் விடப்படுகிறது.

கொலன்னாவையில் எங்கள் வீட்டிலும் இத்தகைய வழக்கொன்று நடந்தது. அப்பா காலமான பின்னர், அவர் வேலையால் திரும்பும் அந்திவேளையில் வாயிற்கதவு திறக்கும் ஓசை கேட்பதாக அம்மா சொல்வார். பிணைச்சல் துருப்பிடித்துவிட்டது, காற்றில் ஒலிக்கிறது என்பான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் தம்பி. அவன் சொன்னது சரியே. எனினும், அவன் எண்ணெய் விடப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். அந்த ஓசை அவருக்கு வேண்டியிருந்தது.

மாணவர்களே, எதற்கும் காரணம் தேடுங்கள். அறிந்த பின்னும் ஒருவர் நெஞ்சில் எஞ்சியிருப்பதை மதிக்கப் பழகுங்கள்.