ஏட்டை எட்டிப் பார்த்தேன்

எங்கள் பள்ளியில் புதன்கிழமைதோறும் பிற்பகலில் கணினிக் கழகம் கூடும். ஆறாம் ஆண்டு மாணவர் பதினால்வர் அதில் உறுப்பினர். தலைமையாசிரியர் என்ற முறையில் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அலுவலகம் திரும்புவதே என் வழக்கம். இவ்வாண்டு ஒரு நாள் அவ்வாறு திரும்ப இயலவில்லை. பத்துப் புதிர்ப்போட்டிகளில் தான் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண ஒரு சிறுமி ஸ்கிராட்ச்சில் நிரல் அமைத்திருந்தாள். மொத்தம் 873, சராசரி 87.3. விடை சரியாக வந்தது கண்டு பாராட்டினேன். அவளோ மகிழ்ந்தாளில்லை.

"ஐயா, நான் எழுதினதைத்தான் கணினி செய்யுதுன்னு எப்படித் தெரியும்? உள்ளே வேற மாதிரி செஞ்சா?" என்று வினவினாள்.

"சரியாகத்தான் செய்யும்" என்னும் சொற்கள் என் நாநுனிவரை வந்து நின்றுவிட்டன. ஏன் நின்றன என்பதைச் சொல்வதற்கு 1981ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும்.

நான் பிறந்தது ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். மலாயாவில் வணிகத்திற்கென ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார் என்று பிற்காலத்தில் நானே பெருமிதத்தோடு பாடம் நடத்தியதுண்டு. அந்தப் பெருமிதத்தில் என் அம்மாவுக்குப் பங்கேதும் இருந்ததாகத் தெரியவில்லை. இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், விடிந்ததும் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே கிராணி பாலை நிறுப்பார். நிறுத்த எடைக்குக் கூலி இல்லை. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்த ரப்பர். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அளவு பார்த்து, அதைக் கொண்டு உலர் எடையைக் கணித்து ஏட்டில் எழுதுவார். அம்மா சுமந்தது பால். ஏட்டில் ஏறியது வேறோர் எண். அந்த எண்ணும் அம்மாவின் பெயருக்கு நேரே ஏறவில்லை, செக்ரோல் எண்ணுக்கு நேரே ஏறிற்று.

ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாள் அம்மா என்னை உடன் அழைத்துச் சென்றார். கிராணி எழுதியதும் என் தோளைத் தொட்டு, "பாருப்பா, சரியா இருக்கா?" என்றார். எட்டிப் பார்த்தேன். எண்கள் தெரிந்தன. நிறுத்த எடை எவ்வாறு இத்தனை சுருங்கிற்று என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும், "சரிம்மா" என்றேன். அந்தக் கணக்குச் சரியா தவறா என்பதை இன்றளவும் நான் அறியேன். அறியாமலே சரி என்றது மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறைகளைப் பயின்ற நாள்களிலும் அந்த ஏடு அடிக்கடி என் கண்முன் விரிந்ததுண்டு.

ஆகவே அச்சிறுமியிடம், "தெரியவில்லையம்மா, கேட்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.

என் பழைய மாணவர் ஒருவர் டுரியான் துங்கலிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறார். ஒரு சனிக்கிழமை மாலை மடிக்கணினியோடு வீட்டிற்கு வந்தார். ஸ்கிராட்ச் இயங்கும் வழி வேறு, சற்றுச் சுற்றுவழி. தெளிவாகக் காண வேண்டுமானால் அதே கணக்கைச் சி மொழியில் எழுதலாம் என்றார். எழுதியும் காட்டினார். மனிதர் எழுதும் அந்நிரலைப் பொறியின் கட்டளைகளாகப் பெயர்த்தெழுதும் மென்பொருளே கம்பைலர்; நிரல்பெயர்ப்பி என்று தமிழில் வழங்குவர். பெயர்ப்பின் கடைசிப் படியில் அது 0, 1 என்னும் இரு குறிகளாகிவிடும். நமக்குப் படிக்க வராது. அதற்கு முந்திய படியில் ஒவ்வொரு பொறிக்கட்டளைக்கும் ஒரு சிறு சொல் உண்டு. அதுவே அசெம்பிளி மொழி. ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பிக்கு இடும் கட்டளையில் ‘எஸ்’ என்னும் பெரிய எழுத்தொன்றைச் சேர்த்தால், அது அந்தப் படியிலேயே நின்று, தான் எழுதியதை நமக்குக் காட்டிவிடுகிறது. ஏட்டை மூடி வைக்காத கிராணி என்று எண்ணிக்கொண்டேன்.

திரையில் வரிகள் ஓடின. எடுத்து வை, கூட்டு, ஒப்பிடு, தாவு என்று மாணவர் ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லி வந்தார். கூட்டல் எங்கள் கண்ணுக்கு அகப்பட்டது. பத்தால் வகுக்கும் இடத்தில்தான் இருவரும் திகைத்தோம். அங்கே வகுத்தல் கட்டளையே இல்லை; பத்து என்னும் எண்ணும் இல்லை. அதற்குப் பதிலாக 3435973837 என்னும் பெரிய எண்ணால் பெருக்கு என்று எழுதியிருந்தது. சிறுமி அஞ்சியது மெய்யாயிற்றோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மாணவர் சிறிது நேரம் ஏதோ தேடிப் படித்துவிட்டு விளக்கினார். கணினிப் பொறிக்குப் பெருக்கல் எளிது. வகுத்தல் நெடுநேரம் பிடிக்கும். எனவே நிரல்பெயர்ப்பி அந்த எண்ணால் பெருக்கி, விடையை முப்பத்தைந்து முறை பாதியாக்கிவிடுகிறது. முப்பத்தைந்து முறை பாதியாக்குவது என்றால் 34359738368ஆல் வகுப்பது. இரும எண்களில் வலப்புறத்து முப்பத்தைந்து இலக்கங்களைத் தள்ளினால் அது முடிந்துவிடும். நான் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 873ஐ அவ்வெண்ணால் பெருக்க 2999605159701 வந்தது. அதை 34359738368ஆல் வகுக்க 87.3 வந்து, அதன்பின் மிக நுண்ணிய ஒரு மிச்சமும் வந்தது. பத்தில் ஒரு பங்கால் பெருக்குவதும் பத்தால் வகுப்பதும் ஒன்றே என்று நாம் வகுப்பில் கற்பிப்பதைத்தான் அது செய்திருக்கிறது. எந்த எண்ணால் வகுப்பதானாலும் இதற்கு முறையாக எண் காணும் வழியைக் கிரான்லுண்ட், மாண்ட்கோமரி என்னும் இருவர் 1994இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளனராம்.

1957இல் வெளிவந்த போர்ட்ரான் நிரல்பெயர்ப்பியை ஆக்கிய ஜான் பாக்கஸ் குழுவினரும், தங்கள் படைப்பு எழுதித் தந்ததைப் பார்த்து முதலில் பிழை என்று எண்ணி, ஆராய்ந்தபின் சரியென்று கண்டு வியந்ததுண்டு. ஆக்கியவர்க்கே அந்நிலை என்றால் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தலைமையாசிரியரின் திகைப்பை யாரும் பழிக்க மாட்டார்கள்.

ஆயினும் நிரலை ஓட்டியபோது 87 என்றே விடை வந்தது. ஸ்கிராட்ச்சில் வந்த .3 எங்கே போயிற்று? "பெயர்த்தவன் தின்றுவிட்டானா?" என்றேன். மாணவர் தலையைச் சொறிந்தார். "இல்லைங்க ஐயா. முழு எண்ணுன்னு எழுதினது நான்தான். சி மொழியில முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா மிச்சம் போயிடும். அது சொன்னதைச் செஞ்சிருக்கு" என்றார். மேலே வரிகளில் திருத்தினார், 87.3 வந்தது. குற்றம் பெயர்ப்பில் இல்லை, மூலத்தில் இருந்தது. பெயர்ப்பைப் பிரித்துப் பார்த்திராவிட்டால் அவர் மீதிருந்த ஐயத்தை நாங்கள் அதன்மீதே வைத்திருப்போம். பார்த்தும் ஐயம் தீராத இடமும் உண்டென்பதை மறைக்கலாகாது. நிரல்பெயர்ப்பிக்குள்ளேயே வஞ்சகம் ஒன்றை ஒளித்து வைத்தால் மூல நிரலைப் படித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று கென் தாம்சன் 1984இல் வெளிவந்த தம் டூரிங் விருதுரையில் காட்டியிருக்கிறார்.

எழுந்து போகுமுன், "தமிழை எழுதினால் எப்படிக் காட்டும்?" என்று கேட்டேன். ‘அம்மா’ என்று அச்சிடும் ஒரு வரி நிரலை எழுதி, முன்போலவே பெயர்க்கச் செய்தார். சொல்லைக் காணோம். 340, 256, 205 என்று தொடங்கி, எட்டை அடியாகக் கொண்ட பதினைந்து எண்கள் வரிசையாக நின்றன. இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். ஏட்டில் பதினைந்து எண்கள்! மும்மூன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அ ஒன்று; ம ஒன்று; புள்ளி ஒன்று; மீண்டும் ம; பின் கால். ஆக ஐந்து துண்டுகள். மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பதே அதன் இயல்பு என்பது தொல்காப்பிய நெறி. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்றே மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். யூனிகோடு அதைத் தலைகீழாக்கி, அகரமேறிய ம முதல், அதில் புள்ளியிட்டால் ம் என்று வைத்திருக்கிறது. தமிழாசிரியர்கள் இதை அறிந்து வாதிட வேண்டும் என்பது என் கருத்து. அன்று எனக்கு வாதிடத் தோன்றவில்லை. அந்தப் பதினைந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இரவு உணவின்போது, அந்தக் கிராணி ஏட்டை நான் புரியாமலே சரி என்றேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு. நீ பாக்குறேன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சாப் போதும்னுதான் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

அடுத்த புதன்கிழமை அச்சுப்படியைக் கழகத்திற்கு எடுத்துச் சென்றேன். சிறுமி பெருக்கலைத் தன் ஏட்டில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பின்பு தன் பெயரிலுள்ள ழகரம் எந்த எண் என்று கேட்டாள். 340, 256, 264 என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவள் நம்பவில்லை. வீட்டில் அண்ணனின் கணினியில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.