புகாரை வாசித்துக் காட்டச் சொன்ன பேத்தி

போலிஸ் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றும் குரல் தாழ்ந்துவிடும். மலேசியாவில் அடையாள அட்டை வந்ததே 1948-ல், அவசரகாலத்தில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தக் காலத்தில் சீருடைக்காரர் லயத்துப் பக்கம் வந்தால் விசாரிக்கத்தான் வருவார். பெரியவர்கள் கைகட்டி நின்று பழகியது அப்படி. அதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2009-ல் சுபாங் ஜெயாவில் குகன் என்ற 22 வயது இளைஞர் போலிஸ் காவலில் இறந்தார். அந்தப் பயம் வீண் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அப்படியிருந்தும், பேத்தி பள்ளியின் கேடட் போலிஸில் சேர விண்ணப்பத் தாளைக் கொண்டு வந்தபோது கையெழுத்துப் போடச் சொல்லி மகனை விரட்டியவன் நான்தான்.

இடைநிலைப்பள்ளியில் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து விழுக்காடு உண்டு. அதற்காகவே சேருகிறவர்கள் ஏராளம், சேரட்டும். நான் பார்த்த லாபம் வேறு. தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் மலாய்ச் சொற்களை மென்று விழுங்கிய பிள்ளை, திடல் நடுவே நின்று "செடியா! செனாங் டிரி!" என்று மலாயில் கட்டளையிட்டுக் கத்த வேண்டும். மூடுபனியில் காயாத சட்டையை இஸ்திரி போட்டே காயவைத்து, பூட்ஸைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு போய்க் கத்துவாள். அந்தக் குரல் வீட்டுக்கும் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

சீருடை மாட்டியதும் தன்னையே போலிஸ் என்று எண்ணிக்கொள்ளும் பையன்களும் உண்டு. கேடட்டுக்கு யாரையும் பிடிக்கும் அதிகாரம் கிடையாது. அதை முதல் நாளே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். சேர்கிறவர்கள் போலிஸ் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கேரளத்தில் 2010-ல் தொடங்கி 2018-ல் இந்தியா முழுவதற்கும் போன மாணவர் போலிஸ் திட்டமும் வேலைக்கு ஆள் பிடிக்க வந்ததல்ல, சட்டம் தெரிந்த பிள்ளைகளை வளர்க்க வந்ததுதான்.

பக்கத்து வீட்டம்மா இரவுச் சந்தையில் கைப்பையைப் பறிகொடுத்தார். அடையாள அட்டையும் அதோடு போயிற்று. புகார் கொடுக்கத் துணைக்குப் போனவள் பேத்தி. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று மலாயில் பணிவாகக் கேட்டாளாம். பறித்தார்கள் என்பதற்குப் பதிலாகத் தொலைந்தது என்று இருந்ததைத் திருத்தச் சொல்லி, நகலும் வாங்கி வந்திருக்கிறாள். அதிகாரியும் முகம் சுளிக்காமல் கொடுத்தாராம். காலமெல்லாம் கொழுந்து எடை போட்ட எனக்கு, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

அவளுக்குப் போலிஸ் வேலையில் ஆசை இல்லை. கணக்கியல் படிக்கப் போகிறாளாம். நல்லது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் உள்ள சிக்கல் பயம்கூட அல்ல, வண்டிதான். பயிற்சி மதியத்துக்கு மேல். பள்ளி பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைச் சாலையில் பெண்பிள்ளைகளை நடக்கவிட முடியுமா? சில வீடுகள் சேர்ந்து வேன் பேசியிருக்கிறோம். இன்னும் இரண்டு இடம் காலி. ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பள்ளி திறப்பதற்குள் என்னிடம் சொல்லிவிட்டால் போதும்.