பூட்டிய வீட்டின் ரீடிங்

மீட்டரைப் பார்க்க முடியாத வீட்டுக்கு என்ன எழுதுகிறார் என்பதில்தான் ஒரு கணக்கீட்டாளரின் நேர்மை தெரியும். ஆள் இருக்கும் வீட்டில் ரீடிங் எடுப்பது பெரிய காரியமில்லை. தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் ஓடி முடிந்து யூனிட் வரும்வரை பொறுமையாக நின்றால் போதும். அவசரப்பட்டால் வேறு எண்ணைக் குறித்துவிடுவோம்.

கிரில் கேட்டில் பூட்டு தொங்கும்போதுதான் சங்கடம். எட்டிப் பார்த்தால் மீட்டரின் சிவப்பு விளக்கு துடிப்பது தெரியும், எண் தெரியாது. உள்ளே ஃபிரிட்ஜோ எதுவோ ஓடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகரக் கை துறுதுறுக்கும். போடவே கூடாது. ‘டோர் லாக்’ என்று பதிந்துவிட வேண்டும். அப்போது முந்தைய கணக்கை வைத்து பில் வரும். அது தற்காலிகம் என்பது பதிவிலும் இருக்கும், அடுத்த முறை சரிசெய்ய வழியும் இருக்கும். கற்பனை ரீடிங்குக்கு அந்த அடையாளம் கிடையாது. அது நிஜ ரீடிங்போலவே உட்கார்ந்துகொண்டு, பின்னால் வரும் கணக்கையெல்லாம் கெடுக்கும்.

பழுதான மீட்டர் வேறு விஷயம். அங்கே பார்த்தாலும் எண் கிடைக்காது. முந்தைய நான்கு மாதச் சராசரியைப் போடச் சொல்கிறது தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த நான்கு மாதமும் இப்போதும் மின் உபயோகம் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரின் சராசரியைச் சித்திரை வெயிலுக்குப் போடுவது நியாயமாகாது என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

பூட்டு திறந்த பிறகு செய்யும் கணக்கில்தான் நிஜமான கவனம் வேண்டும். ஜனவரி-பிப்ரவரியில் ஒரு வீடு 240 யூனிட் ஓட்டியது. மார்ச்-ஏப்ரலில் பூட்டு, அதே 240 போட்டாயிற்று. ஜூன் கடைசியில் பார்த்தால் நான்கு மாதத்துக்கு 900. போட்ட 240-ஐக் கழித்து மீதி 660-ஐ ஒரே பில்லில் ஏற்றினால் 500-ஐத் தாண்டிவிடும். கீழ் ஸ்லாபில் இருக்கும் சலுகையும் போய்விடும். இரண்டாகப் பிரித்தால் தலா 450. இரண்டு கணக்குக்கும் 2016-லிருந்து வரும் 100 யூனிட் இலவசமும் முழுதாகக் கிடைக்கும். ஓடிய கரண்ட் ஒன்றுதான், கட்டும் பணம் வேறு. 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் போக முடியாமல் முந்தைய தொகையையே கட்டச் சொல்லிவிட்டு, பின்னர் நான்கு மாத ரீடிங்கை இரண்டாகப் பிரித்ததும் இந்த முறைதான். அப்போது எழுந்த கோபம் பெரும்பாலும் இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்காததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

“நாங்க மக வீட்டுக்குப் போயிட்டோம் தம்பி, ஆளே இல்லாத வீட்டுக்கு எப்படி இவ்வளவு வந்துச்சு?” என்று கேட்கும் அம்மாவிடம் வெள்ளை அட்டையை வாங்கி, முந்தைய ரீடிங்குகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எது நான் பார்த்து எழுதியது, எது ஆவரேஜ் என்று சொல்வேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அடுத்த தெரு தாமதமாகும். ஆகட்டும். அப்படிக் கேட்ட ஒரு அம்மா அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது மீட்டரைப் போனில் படம் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.