ஜாப் ஷீட்டில் ஒரு வரி

எங்கள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். வீட்டுக்கு வேண்டிய பொருளையும் பலர் அங்கேயே வாங்கி வருவார்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்து மேஸ்திரி ஒருவர் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் பெங்களூர்க் கடை ஒன்றில் 44,000 ரூபாய்க்கு மகளுக்கு லேப்டாப் வாங்கினார். மகள் பொறியியல் மாணவி. கொரோனா காலம், வகுப்பு முழுக்க வீட்டிலிருந்துதான்.

வாரண்டி ஒரு வருடம். அது முடிவதற்குள் ஒரு நாள் காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. சேலத்திலிருந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில நாள் கழித்து போன் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறதாம், மதர்போர்டு போய்விட்டதாம், வாரண்டியில் வராதாம், மாற்ற 28,000 ரூபாய் ஆகுமாம்.

“கட்டிடலாம்னுதான் சார் பார்த்தேன். பாப்பாதான் விடல” என்றார் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த அப்பா.

“சார், டீ டம்ளரைக்கூட அது பக்கத்துல வச்சதில்ல சார். அவங்க சொல்றது தப்பு. ஜாப் ஷீட்டைப் பாருங்க” என்றாள் அந்தப் பெண்.

பார்த்தேன். லேப்டாப்பை வாங்கிக்கொள்ளும்போது சர்வீஸ் சென்டர் ஆள் அதில் எழுதியது இரண்டே சொல்: ‘டிஸ்ப்ளே இல்லை’. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘பவர் வருகிறது, விசிறி ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மூன்று முறை மின்னி நிற்கிறது, திரும்பத் திரும்ப இதே.’ கவுண்டரில் நின்று, கட்டாயம் எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கி இவளே எழுதியிருக்கிறாள். இரண்டு நகலிலும் அவர்கள் முத்திரை விழுந்திருந்தது. வழக்கை எடுத்துக்கொள்ள எனக்கு அந்த வரி போதும்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அவளுடைய அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அப்படி ஒரு லேப்டாப் கிடைத்திருந்தது. அது பழுதாகும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் அதைக் கழற்றிக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும், சில நேரம் அதிலேயே லேப்டாப் எழுந்துவிடும் என்று தெரிந்திருக்கிறது. வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகிப் பார்த்தால் போனது திரையா, உள்ளேயா என்று தெரியும். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் துடைத்துத் திரும்பப் போட்டால் பல நாள் கிடந்ததும் ஓடும். புது லேப்டாப்பிலும் கழற்றாமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறாள். டிவியிலும் படம் வரவில்லை. அடிமூடியை மட்டும் வாரண்டிக்குப் பயந்து தொடவில்லை. பயந்தது நல்லதாயிற்று.

விளக்கு மூன்று முறை மின்னுவதற்குப் பொருள் உண்டு. பவர் கொடுத்ததும், விண்டோஸ் வருவதற்கு வெகு முன்பே, பயாஸ் என்கிற நிரல் ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று சோதிக்கும். ரேம் பதில் சொல்லாவிட்டால் திரையில் எழுதிக்காட்ட அதற்கு வழியே இல்லை. ஆகவே விளக்கை எண்ணி மின்னவிடும், அல்லது பீப் ஒலி எழுப்பும். எத்தனை முறை என்றால் என்ன பழுது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் இருக்கும். இந்த மாடலின் கையேட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று என்றால் ரேம். கெட்டுப்போன பொருள் தன் பழுதைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலம் அது. கொடுத்த நாளிலேயே எதிர்த்தரப்பின் முத்திரையோடு பதிவாகியும் இருந்தது.

கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவருக்கும் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வரவில்லை. தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தேன்.

அவர்கள் பதிலுரையில் முதலில் எடுத்தது எல்லைப் பிரச்சினை. வாங்கியது பெங்களூர், பழுது பார்க்கக் கொடுத்தது சேலம், தருமபுரியில் என்ன வேலை என்றார்கள். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருந்திருந்தால் அந்த வாதம் எங்களை அலைக்கழித்திருக்கும். நல்லவேளையாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 34-ஆம் பிரிவுப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். வெளியூரில் உழைத்து, வெளியூரில் வாங்கி, சொந்த ஊரில் குடும்பத்தை வைத்திருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சட்டம் செய்த பெரிய நன்மை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வாரண்டி அட்டையில் ‘பெங்களூர் நீதிமன்றங்களுக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். சட்டம் கொடுத்த உரிமையை அட்டை பறிக்க முடியாது என்று வாதிட்டேன். ஆணையம் ஏற்றது.

அடுத்து, பில் அப்பா பெயரில், பயன்படுத்தியது மகள், அவள் நுகர்வோரே அல்ல என்றார்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் வரையறைப் பிரிவே சொல்கிறது. தவிர, அப்பாவையும் மகளையும் சேர்த்தே புகார்தாரர்களாகப் போட்டிருந்தேன். அந்த வாதம் அன்றே முடிந்தது.

உண்மையான சண்டை தண்ணீரைப் பற்றியது. சர்வீஸ் சென்டர் ஒரு போட்டோ தாக்கல் செய்தது. மதர்போர்டின் ஓர் ஓரத்தில் வெளிறிய திட்டு. அதுதான் தண்ணீர்த் தடமாம். எந்த லேப்டாப்பின் போர்டு என்று காட்ட வரிசை எண் அந்தப் படத்தில் இல்லை. அன்றைய சாட்சியச் சட்டப்படி மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய 65-பி சான்றிதழும் இல்லை. இரண்டையும் ஆட்சேபித்தேன். ஆனால் ஆட்சேபணையால் மட்டும் இந்த வழக்கை ஜெயிக்க நான் விரும்பவில்லை. லேப்டாப்பே கையில் இருக்கும்போது படத்தை வைத்து ஏன் சண்டை போட வேண்டும்? சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாத குறை என்றால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. மனுப் போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல வாதம் வைத்தார். கவுண்டரில் வாங்குகிறவர் வெளியே பார்த்துத்தான் வாங்குகிறார், உள்ளே தண்ணீர் போயிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும், ஜாப் ஷீட்டில் தண்ணீர் என்று இல்லாததால் தண்ணீரே இல்லை என்றாகாது என்றார். சரியான பேச்சு. ஆகையால்தான் திறந்து பார்க்கச் சொல்கிறோம் என்றேன். ஒரு பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியரை ஆணையம் நிபுணராக நியமித்தது. சர்வீஸ் சென்டரின் பொறியாளர் கூடவே நின்று பார்க்கலாம், அவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிறகு அறிக்கையைக் குறை சொல்ல யாருக்கும் இடமில்லை.

அந்தச் சோதனையை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த ஆசிரியர் எதையும் ஊகிக்கவில்லை. சார்ஜரிலிருந்து தொடங்கினார். அதன்மேல் 19.5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டர் வைத்து அளந்து, சரியாக வருகிறது என்று குறித்துக்கொண்டார். அடிமூடியில் சர்வீஸ் சென்டர் ஒட்டிய சீல் கிழியாமல் இருப்பதைப் பொறியாளரிடம் காட்டி, ஆமாம் என்று எழுதி வாங்கினார். ஆன் செய்தார். விளக்கு மூன்று முறை மின்னியது. வெளித்திரையைச் செருகினார், அதிலும் படமில்லை. ஆக, போனது லேப்டாப்பின் திரை அல்ல.

பிறகு திறந்தார். திரவம் பட்டால் சிவப்பாகும் சின்னஞ்சிறு வெள்ளை ஒட்டுகள் அந்த மாடலில் விசைப்பலகைக்குக் கீழேயும் போர்டின் மேலும் இருந்தன. எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. பூதக்கண்ணாடியில் பச்சைப் பாசியோ துருவோ எங்கும் இல்லை. போட்டோவில் இருந்த வெளிறிய திட்டு மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சற்றுக் கலக்கமாகத்தான் இருந்தது. அவர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தார். திட்டு பஞ்சோடு வந்துவிட்டது. கீழே ஈயப்பற்று அரிப்பில்லாமல் பளபளத்தது. அது ஃப்ளக்ஸ் என்றார். தொழிற்சாலையில் பற்றுவைக்கும்போது தங்கிப்போகிற பசை. தண்ணீர்த் தடம் என்று அவசரத்தில் பார்ப்பவர்கள் ஏமாறக்கூடும். தண்ணீர் அரித்திருந்தால் துடைத்தாலும் போகாது, அடியில் உலோகம் கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். சர்வீஸ் சென்டர் பொறியாளர் இளம் வயதுக்காரர். குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

கடைசியாக ரேம். போர்டோடு பற்றவைத்த ரேமாக இருந்தால் கழற்ற முடியாது. நல்லவேளை, இதில் ஸ்லாட் இருந்தது. கழற்றித் துடைத்து மறுபடி போட்டார், பலனில்லை. தன்னிடமிருந்த நல்ல ரேமைப் போட்டு ஆன் செய்தார். கம்பெனி லோகோ வந்தது, விண்டோஸ் வந்தது, அந்தப் பெண்ணின் பிராஜெக்ட் கோப்புகள் அப்படியே இருந்தன. பலர் இதோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் பழைய ரேமை எடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பை அணைத்து அதில் போட்டார். அந்த லேப்டாப்பும் இருண்டது. குறை இந்த ரேமில்தான், வேறெங்கும் இல்லை என்பது இரண்டு பக்கமும் நிரூபணமாயிற்று. சாட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? அறிக்கையில் பொறியாளரும் கையெழுத்திட்டார்.

சில ஆயிரம் ரூபாய் ரேமுக்கு ஒரு குடும்பத்திடம் 28,000 கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே கேட்டார்கள் என்று நான் வாதிடவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. ரேமை மாற்றிப் பார்க்கிற பத்து நிமிட வேலையைச் செய்யவில்லை என்றுதான் வாதிட்டேன். கையில் கொடுத்த ஜாப் ஷீட்டில் எழுதியிருந்ததைப் படிக்காதது சேவைக் குறைபாடு என்றேன்.

ஆணையம் அதை அப்படியே ஏற்றது. கடையை விடுவித்தது. கம்பெனியும் சர்வீஸ் சென்டரும் சேர்ந்து புது ரேம் போட்டு, ஓடும் நிலையில் லேப்டாப்பைத் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 15,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. முழு விலையையும் திருப்பித் தரக் கேட்டிருந்தோம். ஒரு பாகத்தை மாற்றினால் சரியாகிற பொருளுக்கு அது பொருந்தாது என்று மறுத்தது. அதுவும் நியாயம்தான். மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு லேப்டாப் வழக்கு என்று என்னிடம் வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஜாப் ஷீட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் இருக்கும், அதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. சிலர் முதலில் பக்கத்து மொபைல் கடையில் திறந்து பார்த்துவிட்டு, பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போயிருப்பார்கள். சிலருக்கு உண்மையாகவே தண்ணீர் பட்டிருக்கும். அப்படிப் பட்டால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்காமல் கொண்டுபோக வேண்டும். ஆன் செய்து பார்ப்பதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது. ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று திரையில் எழுத்து வந்தால் அது ரேம் பழுது அல்ல, பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் பக்கம். டிஸ்க்கைப் புதிதாக மாற்றித் தருவார்கள், அதிலிருந்த கோப்புகளுக்கு வாரண்டி பொறுப்பேற்காது. நகல் நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப்டாப்பைக் கொடுக்கும் முன் ஆன் செய்து ஒரு வீடியோ எடுங்கள். விளக்கு எத்தனை முறை மின்னுகிறது, பீப் எத்தனை, விசிறி ஓடுகிறதா, வெளித்திரையில் படம் வருகிறதா என்பதையும், வெளியே உடைப்போ கறையோ இல்லை என்பதையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் நீங்களே எழுதி முத்திரை வாங்குங்கள். வாரண்டி இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆணையத்துக்குப் போவதென்றால் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், உங்கள் சொந்த மாவட்டத்திலேயே செய்யலாம்.