முதல் கேம் செய்யப் போறீங்களா? ஒரு தட்டுவடை செட் கதை

"ஒரு வீடியோ கேம் செஞ்சு பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல"ன்னு சொல்றவங்களுக்காக இந்த த்ரெட். எழுதறவன் சாஃப்ட்வேர் ஆள் இல்லை. சேலம் அம்மாபேட்டையில கிளினிக் வெச்சிருக்கற டாக்டர். போன வருஷம் ஒரு கேம் செஞ்சு முடிச்சேன். கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துக்கோங்க.

ஆரம்பம் ஒரு கன்சல்டேஷன். பட்டுத்தறி ஓட்டற ஒரு அண்ணன், பத்தாவது படிக்கற பையனைக் கூட்டிட்டு வந்தார். (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஆள் யாருன்னு தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல கேம். காலைல ஸ்கூல்ல தூக்கம். "போனை உடைச்சுப் போட்டுரட்டுங்களா சார்?"ன்னு கேட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. அதுல கேமிங் டிஸார்டர்னு ஒண்ணு இருக்கு. ஆனா நிறைய விளையாடினாலே அந்தப் பேரை வெச்சிர முடியாது. நிறுத்த நினைச்சாலும் முடியாம, மத்த எல்லாத்தையும் விட அதுவே முக்கியமாகி, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்ந்து, இப்படி பொதுவா ஒரு வருஷமாவது போயிருக்கணும். இவன்கிட்ட தனியா பேசிப் பார்த்தேன். வீட்ல இருக்கறது ஒரே போன், பகல்ல அது அப்பா கையில. பத்து மணிக்கு மேலதான் இவனுக்குக் கிடைக்குது. அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் போன் பையனுக்கு, அப்புறம் கிடையாதுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டோம்.

அதோட விட்டிருக்கலாம். நான் பெரிய மேதாவி மாதிரி, "சும்மா விளையாடறதுக்கு நீயே ஒரு கேம் செய்யேன் தம்பி"ன்னு சொல்லிட்டேன்.

"நீங்க செஞ்சிருக்கீங்களா சார்?"

கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்டான். இல்லைன்னேன். இப்படித்தான் ஞாயித்துக்கிழமை காலைல ஓ.பி. முடிஞ்சதும் நானும் அவனும் என் லேப்டாப் முன்னாடி உக்கார ஆரம்பிச்சோம். அப்பா வெளிய பெஞ்ச்ல பேப்பர் படிப்பார்.

எல்லாரும் செய்யற தப்பைத்தான் முதல்ல செஞ்சோம். ஏற்காடு மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவு, பனி, எதிர்ல லாரி, புல்லட் ஓட்டற கேம். மூணு ஞாயிறு போச்சு. புல்லட்டோட சக்கரம் மட்டும் சுத்துச்சு, வண்டி நகரலை.

நீங்க ஆரம்பிக்கறப்ப மனசுல ஒரு பெரிய கேம் இருக்கும். அதைத் தூக்கி ஒரு நோட்ல எழுதி மூடி வெச்சிடுங்க. 1972-ல அட்டாரியில புதுசா சேர்ந்த ஆலன் ஆல்கார்ன்கிட்ட, கை பழகட்டும்னு அவர் முதலாளி ஒரு வேலை கொடுத்தார்: ரெண்டு மட்டை, ஒரு பந்து. பயிற்சிக்குக் கொடுத்த அந்த வேலைதான் பாங். சோதனைக்காக ஒரு மதுக்கடையில வெச்ச மெஷின் கொஞ்ச நாள்ல நின்னு போச்சு. போய்த் திறந்து பார்த்தா, காசு நிரம்பி வழிஞ்சு அடைச்சிருக்கு.

நம்மாளுங்க உதாரணம் வேணும்னா வெண்பா. டொராண்டோவுல இருக்கற விசை கேம்ஸ் 2023 ஜூலையில வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவோட பழைய சமையல் குறிப்பு நோட்டு, முதல்ல செய்யறது இட்லி. ஒண்ணரை மணி நேரத்துல விளையாடி முடிச்சிடலாம். 2024-ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. விருது நமக்கு வேண்டாம். ஒண்ணரை மணி நேரக் கேமும் முழுக் கேம்தான்னு தெரிஞ்சுக்கங்க, போதும்.

நாங்க ஏற்காட்டை விட்டுட்டு எங்க ஊர்த் தட்டுவடை செட்டுக்கு வந்தோம். சேலத்துக்கு வெளிய இருக்கறவங்களுக்கு: தட்டுவடை, மேல சட்னி, துருவின கேரட் பீட்ரூட், மேல இன்னொரு தட்டுவடை. கேம்ல மேலிருந்து இதெல்லாம் விழும். கீழ தட்டை விரலால நகர்த்தி வரிசையா பிடிக்கணும். கஸ்டமர் சிவப்புச் சட்னி கேட்டா சிவப்பு, பச்சை கேட்டா பச்சை. 90 செகண்ட், எத்தனை செட் போட்டீங்கன்னு ஸ்கோர். வரிசை, சட்னி ரெண்டும் பையனோட யோசனை. நான் சும்மா தட்டுவடை விழுந்தா போதும்னு நினைச்சிருந்தேன்.

செஞ்சது கொடோவுல. முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், டவுன்லோட் 150 எம்பிகூட வராது. ஜிப்பைப் பிரிச்சா ஓடும், பழைய லேப்டாப்பே போதும். லேப்டாப் இல்லாதவங்களுக்கு ஆண்ட்ராய்டு போன்லயே ஓடற எடிட்டரும் இருக்கு, சின்னத் திரையில கண்ணு வலிக்கும். அவங்க வழிகாட்டியிலயே முதல் 2டி கேம்னு ஒரு பாடம் உண்டு. அதை ஒரு தடவை அப்படியே பார்த்துச் செஞ்சு முடிச்சிட்டு உங்க கேமுக்கு வாங்க. முக்கியமா, கொடோ 4 அல்லது அதுக்கு மேல எடுங்க. 2023 மார்ச்சுல வந்த 4.0-லதான் தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியா கோக்கற வசதி வந்துச்சு. பழைய 3-ல 'கொ'ன்னு எழுதினா கொம்பும் காலும் தனித்தனியா நிக்கும்.

படம் வரையறதை நினைச்சு நான் பயந்துட்டிருந்தேன். பையன் கிராஃப் பேப்பர் கொண்டு வந்தான். வேட்டிக் கரையில ஓடற டிசைனை முதல்ல கிராஃப்லதான் போடுவாங்க. கட்டம் நிரப்பின இடத்துல ஜக்கார்டு அட்டையில ஓட்டை விழும், ஓட்டை இருந்தா அந்த இழை தூக்கும். பிக்சல்னா என்னன்னு நான் விளக்க வாயெடுத்ததும், "கட்டம்தானே சார்"னான். 16-க்கு 16, 256 கட்டத்துல தட்டுவடை வந்திடுச்சு. மேல மொறுமொறுன்னு புள்ளிகூட வெச்சிருந்தான்.

கோடிங்ல எங்களைப் படுத்தின ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன், உங்களுக்கும் வரும். கேம்ங்கறது நிக்காம சுத்தற ஒரு சுழற்சி: விரல் எங்க இருக்குன்னு பாரு, எல்லாத்தையும் கொஞ்சம் நகர்த்து, திரையில வரை, மறுபடி பாரு. என் லேப்டாப்ல இது செகண்டுக்கு 60 தடவை. ஒவ்வொரு சுத்துக்கும் 5 பிக்சல் இறங்குன்னு எழுதியிருந்தோம், அதாவது செகண்டுக்கு 300. அவங்க போன்ல போட்டா தட்டுவடை கல்லு மாதிரி விழுது! அந்தத் திரை செகண்டுக்கு 90 தடவை புதுப்பிக்கற திரை, 450 ஆயிடுச்சு. போன சுத்துல இருந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கொடோவே ஒரு எண் கொடுக்கும், பேரு டெல்டா. 300-ஐ டெல்டாவால பெருக்கினா எந்த போன்லயும் ஒரே வேகம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

முடிஞ்சதும் வெயிட்டிங் ரூம்ல இருந்தவங்ககிட்ட கொடுத்தோம். கேம் செய்யறதுல கஷ்டமான பகுதி இதுதான். அடுத்தவங்க விளையாடறப்ப நீங்க வாயைத் திறக்கக் கூடாது. "இல்லம்மா, இழுக்கணும்மா"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். பையன் என்னை முறைச்சான். நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிடறார்னு 1984-ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு. அந்த வியாதி எனக்கும் இருக்குன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

கடைசியா அப்பா. "எனக்கெதுக்குங்க சார்"னு வெக்கப்பட்டுட்டே வாங்கினார். தறி ஓட்டற கை, தட்டு சரசரன்னு போகுது. வரிசை தப்பவே இல்லை. ஆனா பச்சைச் சட்னி கேட்டா சிவப்பு, சிவப்பு கேட்டா பச்சை. ஒண்ணு சரி, ரெண்டு தப்பு. "நமக்கு இதெல்லாம் வராதுங்க"ன்னு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பரவாயில்லண்ணான்னு வாங்கி வெச்சிருப்பேன். ஆனா தப்பு மொத்தமும் சட்னியில மட்டும். ரெண்டையும் ஒரே வட்டமா, ஒரே அளவுல வரைஞ்சிருந்தோம், வித்தியாசம் கலர் மட்டும்தான். லைசென்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்டற இஷிஹாரா புத்தகத்தை எடுத்தேன், புள்ளிகளுக்குள்ள எண் ஒளிஞ்சிருக்குமே, அது. முதல் பக்கத்துல இருக்கற 12 எல்லாருக்குமே தெரியும். அவரும் படிச்சார். அடுத்த பக்கத்துல ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுல ஒண்ணும் இல்லீங்களே"ன்னார்.

சிவப்பு பச்சை நிறக்குறைபாடு. பிறவியிலயே வர்றது, ஆண்களுக்குத்தான் அதிகம். அம்மா வழி எக்ஸ் குரோமோசோம்ல வர்றதால அப்பாகிட்ட இருந்து பையனுக்குப் போகாது. பையனையும் பார்த்தேன், எல்லாப் பக்கமும் சரியா படிச்சான்.

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்: "கல்யாணம் ஆன புதுசுல கலர் சேலை ஓட்டினேங்க சார். ரெண்டு தடவை ஊடை மாத்திப் போட்டுட்டேன். கூலியில புடிச்சுட்டாங்க. கவனம் இல்லாதவன்னு பேரு. அதோட வெள்ளை வேட்டிக்கு வந்துட்டேன்."

பையன் அப்பாவையே பார்த்துட்டிருந்தான். அதுவரைக்கும் அவனுக்கு இது தெரியாதாம்.

அடுத்த ஞாயிறு வர்றப்ப சட்னி மாறியிருந்துச்சு. சிவப்புச் சட்னி மேல ஒரு மிளகாய், பச்சை மேல ஒரு புதினா இலை, ரெண்டும் வேற வேற வடிவம். கிராஃப்ல வரைஞ்சு கொண்டு வந்திருந்தான். நீங்க செய்யற கேம்லயும் கலரை மட்டும் நம்பாதீங்க.

இப்பவும் அவன் கேம் விளையாடறான், எட்டரை சில நாள் ஒன்பதாகுதுன்னு அப்பா சொன்னார். ஏற்காடு நோட்டை ஒரு தடவை திறந்து பார்த்தோம், மூடி வெச்சாச்சு. தட்டுவடையில அப்பாவோட ஸ்கோர் 22. என்னோடது 19.